'தவறு' என்று மட்டும் சொல்லும் ஆசிரியர்

மாணவர்களே, இந்தக் காட்சியை உங்களில் சிலர் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் பார்ப்பீர்கள்.

இரவு பத்து மணி. கெப்பாலா பத்தாஸில் உங்கள் வீட்டு மேசை. மடிக்கணினியில் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு நிரலாக்கப் பாடம் திறந்திருக்கிறது. விரிவுரைக் காணொளியை இருமுறை பார்த்துவிட்டீர்கள். பயிற்சிக்கு ஒரு சிறிய நிரலும் எழுதிவிட்டீர்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்தபோது அது சரியான விடையைத்தான் தந்தது. நம்பிக்கையோடு 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துகிறீர்கள். மூன்றே விநாடியில் பதில் வருகிறது: "5 சோதனைகளில் 4 சரி. 1 தவறு."

எது தவறு? தளம் சொல்லவில்லை. ஏன் தவறு? அதையும் சொல்லவில்லை. வகுப்பில் பக்கத்தில் நண்பன் இருப்பான், எழுந்து கேட்க ஆசிரியர் இருப்பார். இங்கே நீங்களும் திரையும் மட்டுமே.

அந்த நேரத்தில் மடிக்கணினியை மூடிவிட்டுப் படுக்கப் போகிறவர் ஒருவர். தாளும் பென்சிலும் எடுத்து அந்த ஒரு தவறைத் தேடத் தொடங்குகிறவர் இன்னொருவர். நிரலாக்கம் கற்றுக்கொள்கிறவர் யார் என்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது. இயங்கலையில் நிரலாக்கம் கற்பிக்கும் பேராசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தீர்க்க முயலும் சிக்கலும் இதுவே. மாணவரிடம் பாடத்தைக் கொண்டுசேர்ப்பது எளிதாகிவிட்டது. மாணவரின் தவறைப் பார்த்து, அதன் பொருளைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

மூவரில் ஒருவர்

முதலில் ஓர் ஆறுதலான செய்தி. நிரலாக்கத்தின் முதல் பாடம் உங்களுக்கு மட்டும் கடினமானதல்ல.

2007-ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த பென்னட்சன், கேஸ்பர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் உலகின் பல நாடுகளில் உள்ள 63 கல்வி நிறுவனங்களிடமிருந்து விவரம் திரட்டினார்கள். முதலாம் ஆண்டு நிரலாக்கப் பாடத்தில் சராசரியாக 67 விழுக்காட்டினர் தேறினார்கள். ஏறக்குறைய மூவரில் ஒருவர் தேறவில்லை அல்லது பாதியில் விலகிவிட்டார். 2014-இல் வேறு இருவர் நடத்திய ஆய்விலும் ஏறக்குறைய அதே எண்தான் கிடைத்தது. 2019-இல் அதே டென்மார்க் ஆய்வாளர்கள் மீண்டும் கணக்கெடுத்தபோது தேறாதவர்கள் 28 விழுக்காடு.

வகுப்பறையில், ஆசிரியர் கண்முன் இருக்கும்போதே இந்த நிலை என்றால், ஆசிரியர் திரைக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? அதைப் பார்ப்பதற்கு முன், இப்படிப்பட்ட பாடங்கள் நம் பக்கம் எப்படி வந்தன என்று பார்த்துவிடுவோம்.

பினாங்குக்குப் புதிதல்ல

தொலைவிலிருந்து படிப்பது பினாங்கு மக்களுக்குப் பழகிய ஒன்று. 1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1971-லேயே வேலைக்குச் செல்வோருக்காக வளாகத்திற்கு வெளியே படிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டில் தொலைதூரக் கல்விக்கு அதுவே முன்னோடி. பகலில் வேலை, இரவில் அச்சிட்ட பாடநூல் என்று பலர் பட்டம் பெற்றார்கள். உங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்படிப் படித்தவர் ஒருவராவது இருக்கக்கூடும்.

2014-இல் இது இணையத்திற்கு வந்தது. நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்கள் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய திறந்த இயங்கலைப் பாடங்களைத் தொடங்கின. நான்கு பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு பாடம் தயாரித்தன. அவற்றுள் ஒன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் வளாகம் ஒன்று நம் பெர்தாமிலேயே இருக்கிறது.

இந்தப் பாடங்கள் ஏறிய தளத்தின் பெயர் 'ஓப்பன் லேர்னிங்'. 2012-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ரிச்சர்ட் பக்லண்ட், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பித்தவர். 2008-லேயே தம் விரிவுரைகளை யூடியூபில் எல்லாருக்கும் திறந்துவிட்டவர். 2012-இல் அதே தொடக்கப் பாடத்தைப் புதிர்கள் நிறைந்த ஒரு பயணமாக மாற்றி இந்தத் தளத்தில் நடத்தினார். நம் பல்கலைக்கழகங்கள் பின்னர் பயன்படுத்திய தளத்தின் தொடக்க நாள்களில், அதில் அரங்கேறியது ஒரு நிரலாக்கப் பாடம்தான்.

காணொளியைப் பார்ப்பதால் மட்டும் நிரலாக்கம் வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மிதிவண்டி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓட்ட வந்துவிடுமா? கை வைத்துச் செய்ய வேண்டும். அதனால்தான் புதிர்கள்.

சென்னையில் ஒரு கட்டு அட்டை

கை வைத்துச் செய்வதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது சென்னை ஐ.ஐ.டி.

2020-இல் அந்த நிறுவனம் நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் ஓர் இயங்கலை இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஐ.ஐ.டி.யில் சேர வேண்டுமானால் மிகக் கடுமையான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் படிப்புக்கு அந்தத் தேர்வு தேவையில்லை. வயது வரம்பும் இல்லை. நான்கு வாரப் பாடத்தை முதலில் இயங்கலையில் படிக்க வேண்டும். பிறகு அந்தப் பாடத்திலேயே ஒரு தகுதித் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு இடம். பாடம் இயங்கலையில் என்றாலும், முக்கியத் தேர்வுகளை மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

இப்படிச் சேர்கிறவர்களில் கணினியை நன்கு பழகியவரும் இருப்பார், ஒரு வரி நிரல்கூட எழுதாதவரும் இருப்பார். இவர்கள் எல்லாருக்கும் முதல் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? சென்னைக் கணிதவியல் நிறுவனப் பேராசிரியர் மாதவன் முகுந்தும் பேராசிரியர் ஜி. வெங்கடேஷும் சேர்ந்து நடத்தும் 'கணிமைச் சிந்தனை' என்ற பாடத்தின் காணொளிகளில் அதற்கு விடை இருக்கிறது. அவற்றில் நீங்கள் முதலில் காண்பது நிரல் அல்ல; மேசைமேல் ஒரு கட்டு அட்டை!

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மாணவரின் பெயர், ஊர், பிறந்த நாள், பாடங்களின் மதிப்பெண்கள் இருக்கும். இன்னொரு கட்டில் கடைகளில் பொருள் வாங்கிய ரசீதுகள். மற்றொன்றில் ஒரு பத்தியிலுள்ள சொற்கள், அட்டைக்கு ஒன்றாக. அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கேள்விகளுக்கு விடை தேடுவதிலிருந்து பாடம் வளர்கிறது. பைத்தான் மொழி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஏன் அட்டை? நீங்களே செய்து பாருங்கள். புரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஐந்து சிறிய தாள் துண்டுகளை எடுத்து, அவற்றில் 62, 48, 75, 71, 80 என்று எழுதுங்கள். இவை ஐந்து மாணவர்களின் கணித மதிப்பெண்கள். எழுத்து தெரியாதபடி கவிழ்த்து அடுக்குங்கள். இவற்றில் மிக அதிகமான மதிப்பெண் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"பார்த்தாலே தெரிகிறதே, 80" என்கிறீர்களா? உங்கள் கண் ஐந்தையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்கிறது. ஆனால் நிரல் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு நேரத்தில் ஓர் அட்டைதான் அதன் கண்ணுக்குத் தெரியும். அடுத்ததை எடுத்தவுடன் முந்தையது மறந்துபோகும், நீங்கள் எங்காவது எழுதி வைத்தாலன்றி. அதனால் இப்படிச் செய்வோம்:

1. தனித் தாள் ஒன்றில் 'அதிகம் = 0' என்று எழுதுங்கள்.
2. மேலே உள்ள அட்டையைத் திறந்து எண்ணைப் பாருங்கள்.
3. அந்த எண் தாளில் உள்ளதைவிடப் பெரியதா? ஆம் என்றால் தாளில் உள்ளதை அடித்துவிட்டு இந்த எண்ணை எழுதுங்கள். இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம்.
4. அட்டையை ஓரமாக வையுங்கள்.
5. அட்டை மீதி இருந்தால் 2-ஆம் படிக்குத் திரும்புங்கள். இல்லாவிட்டால் தாளில் உள்ள எண்ணே விடை.

தாளில் 0 போய் 62 வரும். 48 வரும்போது மாற்றம் இல்லை. பிறகு 75. 71-க்கு மாற்றம் இல்லை. கடைசியில் 80. விடை சரி!

இப்போது கவனியுங்கள். அந்தத் தனித் தாள்தான் நிரலாக்கத்தில் 'மாறி' எனப்படுவது. 2-ஆம் படிக்குத் திரும்பத் திரும்பப் போனீர்களே, அது 'மடக்கு'. மூன்றாம் படியில் ஒரு கேள்வி கேட்டு முடிவெடுத்தீர்களே, அது 'நிபந்தனை'. இந்த மூன்றையும் நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஐந்து அட்டைக்குச் செய்ததை ஐந்து இலட்சம் அட்டைக்கும் இதே ஐந்து படிகளில் செய்யலாம்.

பைத்தானில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலே நிரல் ஓடாது. புதியவருக்குத் தவறு தன் சிந்தனையில் இருக்கிறதா, அடைப்புக்குறியில் இருக்கிறதா என்று தெரியாது. அட்டையில் அடைப்புக்குறி இல்லை. சிந்தனை மட்டுமே இருக்கிறது. அங்கே தவறினால் கண்முன் தெரியும்.

மூன்று விநாடியில் திருத்துவது யார்?

இனி அந்த இரவுக் காட்சிக்குத் திரும்புவோம். உங்கள் நிரலை மூன்று விநாடியில் திருத்தியது மனிதர் அல்லர் என்பது தெளிவு. அது 'தானியங்கித் திருத்தி' என்னும் இன்னொரு நிரல்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1960-லேயே அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் ஹோலிங்ஸ்வொர்த் இதைப் பற்றி எழுதிவிட்டார். அப்போது மாணவர்கள் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் கொடுத்தார்கள். திருத்தும் நிரல் அதை ஓட்டி, விடையைச் சரிபார்த்தது. இதனால் கணினி நேரமும் ஆசிரியர் நேரமும் மிச்சமாகி, கூடுதல் மாணவர்களைச் சேர்க்க முடிந்தது. இன்று ஒரே பாடத்தில் பல்லாயிரம் பேர் சேர முடிவதும் இதே காரணத்தால்தான்.

திருத்தி எப்படி வேலை செய்கிறது? அது உங்கள் நிரலின் வரிகளைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை. ஆசிரியர் முன்கூட்டியே சில சோதனைகளை எழுதி வைத்திருப்பார். "62, 48, 75, 71, 80 என்று கொடுத்தால் 80 வர வேண்டும்" என்பது ஒரு சோதனை. திருத்தி அந்த எண்களை உங்கள் நிரலுக்குக் கொடுக்கும். வெளியே வரும் விடையை ஆசிரியரின் விடையோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் தவறு.

சோதனைகளில் சிலவற்றை உங்களுக்குக் காட்டுவார்கள். சிலவற்றை மறைத்து வைப்பார்கள். இது உங்களை ஏமாற்ற அல்ல. எல்லாச் சோதனையும் தெரிந்துவிட்டால், கணக்கே போடாமல் 'எது கேட்டாலும் 80 என்று எழுது' என ஒரு நிரல் எழுதி முதல் சோதனையில் தேறிவிடலாம் அல்லவா?

திருத்திக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. மாணவரின் நிரல் தவறுதலாகவோ வேண்டுமென்றோ திருத்தியையே கெடுத்துவிடலாம். ஆகவே இன்று ஒவ்வொருவரின் நிரலையும் வேலியிட்ட தனி இடத்தில் ஓட்டுகிறார்கள். அதற்குள் என்ன நடந்தாலும் வெளியே பாதிப்பு வராது.

இன்னொன்று, முடிவே இல்லாமல் சுற்றும் மடக்கு. மேலே உள்ள 4-ஆம் படியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். இப்படிப்பட்ட நிரல் எப்போதாவது நிற்குமா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி அப்படியொரு பொதுவழி இருக்கவே முடியாது என்று 1936-லேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். அதனால் திருத்தி ஆராய்ச்சியில் இறங்குவதில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறது. குறித்த விநாடிக்குள் முடியவில்லையா? 'நேரம் கடந்துவிட்டது' என்று நிறுத்திவிடுகிறது.

ஐஸ்கிரீம் பெட்டி சொன்ன உண்மை

சரி, உங்கள் நிரலில் தேறாத அந்த ஐந்தாம் சோதனை எது? கண்டுபிடிப்போம்.

உங்கள் அட்டைகளை எடுத்துவிட்டுப் புதிதாக நான்கு எழுதுங்கள்: −18, −21, −15, −19. இவை ஒரு கடையின் ஐஸ்கிரீம் உறைபெட்டியில் நான்கு வெவ்வேறு நேரங்களில் பதிவான வெப்பநிலைகள், டிகிரி செல்சியஸில். மிக அதிகமான வெப்பநிலை எது? −15 என்று நீங்கள் சொல்வீர்கள். இப்போது அந்த ஐந்து படிகளையும் அப்படியே பின்பற்றுங்கள்.

தாளில் 'அதிகம் = 0'. முதல் அட்டை −18. அது 0-ஐவிடப் பெரியதா? இல்லை. −21? இல்லை. −15? இல்லை. −19? இல்லை. அட்டைகள் தீர்ந்துவிட்டன. தாளில் இருப்பது 0. நிரல் சொல்லும் விடை, 0 டிகிரி!

அந்தப் பெட்டியில் ஒருபோதும் இல்லாத வெப்பநிலை அது. இந்த நிரலை நம்பிக் கடைக்காரர் எச்சரிக்கை மணி ஒன்றைப் பொருத்தியிருந்தால், நன்றாக இயங்கும் பெட்டி கெட்டுவிட்டதாக நள்ளிரவில் மணி அடித்திருக்கும்.

தவறு எங்கே? முதல் வரியில். 0 என்று தொடங்கியபோது, எண்ணிப் பார்க்காமலேயே ஒன்றை நம்பிவிட்டோம்: எந்த எண்ணும் 0-க்குக் கீழே போகாது என்று. மதிப்பெண்ணுக்கு அது உண்மை. வெப்பநிலைக்கு உண்மையல்ல. திருத்தம் மிகச் சிறியது. 0-க்குப் பதிலாக முதல் அட்டையில் உள்ள எண்ணையே தாளில் எழுதித் தொடங்குங்கள். நான்கு அட்டைகளோடு மீண்டும் செய்து பாருங்கள். −15 வருகிறதா?

மாணவர்களே, திருத்தி சொன்னது 'தவறு' என்ற ஒரு சொல். அதன் பின்னால் இருந்ததோ "நீ எதைச் சொல்லாமலே நம்பியிருக்கிறாய்?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் நல்ல ஆசிரியர். அதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர் நிரலாளர். ஒரு சொல்லிலிருந்து அந்தக் கேள்விக்குப் போகும் தூரத்தில்தான் இயங்கலை மாணவர்கள் பலர் தொலைந்துபோகிறார்கள்.

பதினைந்து பேருக்கு ஒரு கணக்கு

எவ்வளவு பேர் தொலைகிறார்கள்? 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் முதல் திறந்த இயங்கலைப் பாடத்தை நடத்தியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அனந்த் அகர்வால். பாடம் மின்சுற்றுகள் பற்றியது. 1,54,763 பேர் பதிந்தார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றில் ஐந்து பேர்கூட இல்லை.

பதிந்த எல்லாரும் முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். எட்டிப் பார்க்க வந்தவர்களும் உண்டு. ஏழாயிரம் பேர் தேறியதும் சிறிய செயல் அல்ல. ஆனாலும் எண் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. கதவைத் திறந்து வைப்பது வேறு, கைப்பிடித்து உள்ளே கூட்டிச் செல்வது வேறு.

2020-இல் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பீச்சும் மெஹ்ரான் சஹாமியும் வேறு விதமாக முயன்றார்கள். தங்கள் முதல் நிரலாக்கப் பாடத்தின் பாதியை 'கோட் இன் பிளேஸ்' என்ற பெயரில் இலவசமாக நடத்தினார்கள். ஏறக்குறைய 10,000 மாணவர்கள். இத்தனை பேருக்கு ஆசிரியர் எங்கே போவது? நிரலாக்கம் தெரிந்த தன்னார்வலர்களை அழைத்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து 900-க்கு மேற்பட்டோர் வந்தார்கள். பத்துப் பதினைந்து மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில் வாரம் ஒருமுறை காணொளி வழியே சந்தித்தார்கள்.

காணொளியும் தானியங்கித் திருத்தியும் மற்ற இடங்களிலும் இருந்தவைதான். இங்கே கூடுதலாக இருந்தது, உங்கள் பெயரை அறிந்த ஒருவர். "இந்த வரியில் ஏன் 0 போட்டாய்?" என்று கேட்க ஒருவர்.

மறு ஆண்டு அதே பாடத்தில் இன்னொரு சோதனை நடந்தது. பழைய தேர்வுகளில் ஆசிரியர்கள் மாணவர் நிரல்களுக்கு எழுதிய குறிப்புகளைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு பயிற்றப்பட்டது. அது மாணவர்களின் ஏறக்குறைய 16,000 விடைகளுக்கு எங்கே, என்ன பிசகு என்று குறிப்பு எழுதியது. அந்தக் குறிப்புகளை மாணவர்கள் ஏறக்குறைய 98 விழுக்காடு ஏற்றுக்கொண்டார்கள். மனித ஆசிரியர்களின் குறிப்புகளை ஏற்றுக்கொண்டது ஏறக்குறைய 97 விழுக்காடு. 'தவறு' என்று மட்டும் சொன்ன இயந்திரம், 'ஏன்' என்றும் சொல்லத் தொடங்கியது.

வாத்திடம் சொல்லுங்கள்

உடனே உங்களில் சிலர் கேட்பீர்கள்: "அப்படியானால் செயற்கை நுண்ணறிவிடமே முழு நிரலையும் எழுதச் சொல்லிவிட்டால் என்ன?"

செய்யலாம். ஐந்தாம் சோதனையும் தேறிவிடும். ஆனால் உறைபெட்டி ஏன் 0 என்று சொன்னது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். அடுத்த முறை அந்த நுண்ணறிவே 0 என்று தொடங்கி எழுதினால், அது தவறு என்று உங்களுக்குத் தெரியாது. தேர்வு மையத்தில் நேரில் உட்காரும் நாளில் உங்களோடு வருவது உங்கள் மூளை மட்டுமே.

நிரலாளர்களிடம் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. நிரல் ஓடாதபோது, மேசையில் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, அதனிடம் ஒவ்வொரு வரியாக விளக்குவார்கள். "முதலில் 0 என்று வைக்கிறேன். ஏனென்றால்..." என்று சொல்லும்போதே, 'ஏனென்றால்' என்ற இடத்தில் நாக்கு தடுமாறும். தவறு அங்கே இருக்கும்! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தொடக்க நிரலாக்கப் பாடத்தில் 2023 முதல் செயற்கை நுண்ணறிவாலான ஒரு வாத்து இருக்கிறது. அது விடையை அப்படியே எழுதித் தராமல், விடையின் பக்கம் மாணவரை வழிநடத்தும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ரப்பர் வாத்து இல்லாவிட்டால் கவலை வேண்டாம். வீட்டில் பாட்டி இருக்கிறார். தம்பி இருக்கிறான். அவர்களுக்கு நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. கேட்க இரண்டு காது போதும்.

அவர்களிடம் தமிழில் சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. பள்ளியில் கணினி அறிவியலை மலாயில் படிக்கிறீர்கள். இயங்கலைப் பாடங்கள் பல ஆங்கிலத்தில் இருக்கின்றன. வேற்று மொழியில் கேட்டதை மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லிவிடலாம். ஆனால் 'மடக்கு என்றால் என்ன' என்று பாட்டிக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால், முதலில் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். நிரலின் சிந்தனை எந்த ஒரு மொழிக்கும் சொந்தமல்ல. தமிழிலேயே கட்டளைகளை எழுதும் 'எழில்' என்ற நிரலாக்க மொழியை முத்தையா அண்ணாமலை மாணவர்களுக்காக உருவாக்கியிருக்கிறார். அதில் திரையில் ஒன்றைக் காட்ட 'பதிப்பி' என்று எழுத வேண்டும்.

மடிக்கணினியை மூடுவதற்கு முன்

பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலாம் ஆண்டுப் பாடங்கள் பல இன்று இலவசமாகத் திறந்தே இருக்கின்றன. சேர நினைப்பவர்கள் மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

தனியாகச் சேராதீர்கள். வகுப்பில் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒருநாள் பள்ளி நூலகத்திலோ ஒருவர் வீட்டிலோ உட்காருங்கள். பதினைந்து பேருக்கு ஒரு தன்னார்வலர் செய்த வேலையை நீங்கள் ஒருவருக்கொருவர் செய்யலாம்.

காணொளியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பேராசிரியர் அடுத்த வரியை எழுதுவதற்கு முன், நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

'தவறு' என்று வந்தால், நிரலை அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றி மீண்டும் மீண்டும் சமர்ப்பிக்காதீர்கள். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, அட்டையை எடுங்கள். விசித்திரமான எண்களைக் கொடுத்துப் பாருங்கள். எதிர்ம எண்கள், எல்லாம் ஒரே எண், ஒரே ஓர் அட்டை. அட்டையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. அதே ஐந்து மதிப்பெண் அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மிக அதிகமானதோடு, இரண்டாவது அதிகமான மதிப்பெண்ணையும் கண்டுபிடிக்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: கட்டை ஒரே ஒரு முறைதான் புரட்டலாம். தனித் தாள் எத்தனை வேண்டும்? படிகளை எழுதுங்கள். பிறகு 80, 62, 48, 75, 71 என்ற வரிசையில் அடுக்கிச் சோதியுங்கள். மிகப் பெரிய எண் முதலிலேயே வந்துவிட்டால் உங்கள் படிகள் தாக்குப்பிடிக்கின்றனவா?

தாக்குப்பிடிக்கவில்லையா? நல்லது. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் படியிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.